முதல் வகை நீரிழிவு: அளந்துவிட்டு இறங்கட்டும்

முதல் வகை நீரிழிவு உள்ள ஒரு பிள்ளை நீச்சல் கற்றுக்கொள்ளலாமா, கோவளம் கடற்கரையில் அலைச்சறுக்குப் பலகையோடு இறங்கலாமா, வளர்ந்த பிறகு புதுச்சேரியில் ஸ்கூபா முக்குளிக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். ‘எதற்கு வம்பு?’ என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். அந்தப் பதிலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தண்ணீரில் மயங்கி விழுந்தால் பிழைப்பது அரிது என்ற நியாயமான அச்சம்தான் அப்படிச் சொல்ல வைக்கிறது. ஆனால், இப்படி மறுப்பதால் யாரும் பாதுகாக்கப்படுவதில்லை என்பதே என் வாதம். மறுக்கப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் தண்ணீரை விட்டே விலகிப்போய், உடலுக்கு மிகவும் தேவையான ஒரு பயிற்சியை இழக்கிறார்கள். இன்னொரு பகுதியினர் நோயைச் சொல்லாமல் இறங்குகிறார்கள். அப்போது பக்கத்தில் நீந்துபவருக்கும் விஷயம் தெரியாது, கரையில் நிற்பவருக்கும் தெரியாது. இந்த நோயோடு தண்ணீரில் இறங்குபவருக்கு நேரக்கூடிய ஆபத்துகளில் மிகப் பெரியது இதுதான். ஸ்கூபா உலகம் முப்பது ஆண்டுகளில் தடை போட்டு, தடையை நீக்கி, கணக்கெடுத்து, விதி வகுத்த வரலாறு இதற்குச் சான்றாக நிற்கிறது.

நம் ஊரில் ‘சுகர்’ என்றால் நடுவயதில் வரும் இரண்டாம் வகை நீரிழிவுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். முதல் வகை வேறு. உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே கணையத்தின் பீட்டா செல்களை அழித்துவிடுவதால் இன்சுலின் சுரப்பு ஏறக்குறைய நின்றுபோகிறது. இது பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலோ இளமையிலோ தொடங்குகிறது. இனிப்புத் தின்றதால் வந்ததும் அல்ல, உடற்பயிற்சி செய்யாததால் வந்ததும் அல்ல. 1922இல் டொரான்டோவில் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு இன்சுலின் செலுத்தப்படும்வரை இந்த நோய் கண்டறியப்படுவது மரணத் தீர்ப்புக்குச் சமமாக இருந்தது. இன்று ஊசியோ பம்ப்போ வழியாக இன்சுலின் எடுத்துக்கொண்டு முழு ஆயுளும் வாழலாம். சிக்கல் ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. நீரிழிவு இல்லாத ஒருவர் நீந்தத் தொடங்கினால் அவருடைய கணையம் தானாகவே இன்சுலின் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். கல்லீரல் தன்னிடம் உள்ள குளுக்கோஸை ரத்தத்தில் விடும். ஊசியால் உள்ளே போன இன்சுலினை அப்படித் திரும்ப அழைக்க முடியாது. அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். இயங்கும் தசையோ இன்சுலின் துணை இல்லாமலேயே குளுக்கோஸை உறிஞ்சும் திறன் கொண்டது. இரண்டும் சேரும்போது ரத்தச் சர்க்கரை விறுவிறுவென்று இறங்கலாம். சர்க்கரை இறங்கும்போது அதை ஏற்றிவிட வேண்டிய குளுக்ககான் என்ற ஹார்மோனும் நோய் வந்து சில ஆண்டுகளில் இவர்களுக்குச் சரிவரச் சுரப்பதில்லை.

நிலத்தில் இது நடந்தால் உட்கார்ந்துகொள்ளலாம். மைதானத்தில் ஓடுகிற பையனுக்குக் கை நடுங்கி, வேர்த்து, நெஞ்சு படபடத்தால் ஓரமாக ஒதுங்கி ஒரு கைப்பிடி சர்க்கரையை வாயில் போட்டுக்கொள்வான். தண்ணீர் இந்த எச்சரிக்கைகளை மறைத்துவிடுகிறது. வேர்ப்பது தெரியாது. நடுக்கத்தைக் குளிர் என்று நினைத்துக்கொள்வார்கள். படபடப்பை நீந்திய களைப்பு என்று எண்ணுவார்கள். ஆழ்கடலில் இன்னும் மோசம். அழுத்தத்தில் நைட்ரஜன் வாயு மூளையை மந்தப்படுத்தும்போது வரும் குழப்பமும், சர்க்கரை இறங்கும்போது வரும் குழப்பமும் ஒரே மாதிரி இருக்கும். குளிர்ந்த நீர் உடலைச் சிலிர்க்கவைத்துக் கூடுதல் குளுக்கோஸை எரிக்கும். எனவே, ‘ஒன்றும் ஆகாது, தைரியமாகப் போ’ என்று சொல்லுபவரோடும் எனக்கு உடன்பாடு இல்லை. அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. அந்த அச்சத்தைக் கொண்டு என்ன செய்கிறோம் என்பதே கேள்வி.

பிரிட்டனின் சப்-அக்வா கிளப் என்ற முக்குளிப்பு அமைப்பு அந்த அச்சத்தைக் கொண்டு முதலில் தடை போட்டது. 1975க்கு முன்பு அங்கே இன்சுலின் எடுப்பவர்களும் ஸ்கூபா முக்குளிக்க அனுமதிக்கப்பட்டார்கள். நீரிழிவு உள்ள ஒருவருக்கு நேர்ந்த விபத்தை ஒட்டி, இன்சுலின் எடுக்கும் யாரும் முக்குளிக்கக் கூடாது என்று அந்த ஆண்டு முடிவாயிற்று. தடை பதினாறு ஆண்டுகள் நீடித்தது. 1991இல் அங்கிருந்த முக்குளிப்பு மருத்துவக் குழு, நோய் கட்டுக்குள் இருப்பவர்களைச் சில நிபந்தனைகளோடு அனுமதித்தது. அதோடு நிற்காமல் அவர்களிடமிருந்து ஆண்டுதோறும் விவரம் கேட்டுப் பதிவும் செய்தது. அடுத்த பத்து ஆண்டுகளில் 300க்கும் மேற்பட்ட நீரிழிவாளர்கள் 8,000 முறைக்கும் மேல் கடலில் இறங்கிய தரவுகள் சேர்ந்தன. தடையை மறுபடியும் கொண்டுவர வேண்டிய காரணம் எதையும் அந்தத் தரவுகள் தரவில்லை. அமெரிக்காவின் ‘டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்’ அமைப்பு நடத்தி 2004இல் வெளியான ஆய்வு, இன்சுலின் தேவைப்படும் 40 பேரையும் நீரிழிவு இல்லாத 43 பேரையும் 500க்கும் மேற்பட்ட முழுக்குகளில் பின்தொடர்ந்தது. நீரிழிவாளர்களின் முழுக்குகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழில் கரையேறியபின் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தது. ஆனால் அதன் அறிகுறிகளோ சிக்கல்களோ யாருக்கும் ஏற்படவில்லை. அவர்கள் நன்கு தேர்ச்சி பெற்ற, நோயைக் கட்டுக்குள் வைத்திருந்த முக்குளிப்பாளர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. இந்த எண்களை வைத்து ‘யார் வேண்டுமானாலும் குதிக்கலாம்’ என்று சொல்ல முடியாது. ஆயத்தத்தோடு இறங்கினால் ஆபத்தைச் சிறிதாக்க முடியும் என்று சொல்லலாம்.

அந்த ஆயத்தம் என்ன என்பதை 2005இல் அதே அமைப்பும் ஆழ்கடல் மருத்துவ சங்கமும் சேர்ந்து வகுத்தன. எனக்குத் தெரிந்த நீரிழிவு வழிகாட்டுதல்களில் மிக நேர்மையானவற்றுள் இது ஒன்று. முதலில் யார் இறங்கக் கூடாது என்பதைத் தயங்காமல் சொல்லிவிடுகிறது. இன்சுலின் தொடங்கி ஓர் ஆண்டு முடிந்திருக்க வேண்டும். கடந்த 12 மாதங்களில் பிறர் உதவி தேவைப்படும் அளவுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கக் கூடாது. சர்க்கரை இறங்குவதை உடல் உணர்த்தாத நிலை இருந்தால் அனுமதி இல்லை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 9 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. கண், சிறுநீரகம், நரம்பு, இதயத்தில் குறிப்பிடத்தக்க பாதிப்பு இருக்கக் கூடாது. இவற்றைத் தாண்டி வருபவர்களும் 30 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது, 60 நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது, நினைத்தவுடன் மேலே வர முடியாத குகைகளுக்குள் நுழையக் கூடாது. 30 மீட்டர் என்ற எல்லைக்குக் காரணம் நான் மேலே சொன்ன நைட்ரஜன் மயக்கம்தான். கூட வருபவர் நீரிழிவு இல்லாதவராகவும் விஷயம் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும்.

அந்த விதிகளில் என்னை மிகவும் கவர்வது அளக்கும் முறை. இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஒருமுறை, அரை மணி நேரம் முன்பு ஒருமுறை, இறங்கும் தறுவாயில் ஒருமுறை என்று மூன்று அளவுகள். கடைசி அளவு 150 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. அத்துடன் அது நிலையாகவோ ஏறுமுகமாகவோ இருக்க வேண்டும். 300ஐத் தாண்டினால் அன்று இறங்க வேண்டாம். இங்கே முக்கியமானது எண்ணைவிட அதன் போக்கு. 210, 185, 160 என்று வந்தால், 160 என்பது 150க்கு மேல்தானே என்று இறங்கிவிடக் கூடாது. அரை மணிக்கு 25 வீதம் இறங்கிக்கொண்டிருக்கும் சர்க்கரை, துடுப்புக்காலால் உதைக்கத் தொடங்கியதும் இன்னும் வேகமாக இறங்கும். 148, 152, 158 என்று வந்தவர் இறங்கலாம். ஒரே ஒரு தடவை அளந்துவிட்டு ‘சுகர் சரியாக இருக்கிறது’ என்று நிம்மதி அடைவதில் உள்ள பிழையை இந்த மூன்று அளவுகள் வெளிச்சமாக்குகின்றன. உள்ளே போனபின் சந்தேகம் வந்தால் ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் விரித்து ‘எல்’ வடிவம் காட்ட வேண்டும். சர்க்கரை இறங்கிவிட்டது என்பதற்கான அடையாளம் அது. உடனே இருவரும் மேலே வர வேண்டும், மிதவை உடையில் காற்றை நிரப்பிக்கொண்டு கையோடு கொண்டுபோன குளுக்கோஸை விழுங்க வேண்டும், தண்ணீரை விட்டு வெளியேற வேண்டும். ‘கொஞ்சம் பார்க்கலாம்’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

இந்த விதிகளை ஒருமுறை நிதானமாகப் படித்தால் ஓர் உண்மை புலப்படும். பெரும்பாலான வேலை கரையில்தான் நடக்கிறது, அதில் பாதி இன்னொருவரை நம்பி நடக்கிறது. அடையாளம் காட்டினால் புரிந்துகொள்ள ஒருவர் வேண்டும். படகில் குளுக்கோஸ் எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒருவர் வேண்டும். அதாவது, நோயைச் சொன்னால்தான் இந்தப் பாதுகாப்பு வேலை செய்யும். தடையின் கேடு இங்கேதான் இருக்கிறது. பல ஸ்கூபா மையங்களில், சில நீச்சல் குளங்களிலும், உடல்நலப் படிவம் ஒன்றைத் தருகிறார்கள். நீரிழிவு உண்டா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று தெரிந்த இளைஞர் என்ன செய்வார்? ‘இல்லை’ என்று எழுதுவார். அன்று முழுவதும் அவரால் எல்லோர் எதிரிலும் விரலைக் குத்தி அளக்க முடியாது, குளுக்கோஸ் பொட்டலத்தை வெளியே எடுக்க முடியாது. சர்க்கரை இறங்கிவிடுமோ என்ற பயத்தில் காலையில் இன்சுலினைத் தவிர்த்துவிடவும் கூடும். அது ரத்தத்தை அமிலமாக்கும் கீட்டோன்களை ஏற்றும் இன்னொரு ஆபத்து. அவரைப் பொய் சொன்னவர் என்று குற்றம் சாட்டுவது எளிது. உண்மையைச் சொன்னவருக்கு வாசலை அடைத்து, மறைத்தவருக்குத் திறந்துவிடும் ஒரு படிவத்தை வடிவமைத்தவர்களும் அந்தப் பொறுப்பில் பங்கேற்க வேண்டும்.

போட்டி நீச்சலிலும் இதே கதை உண்டு. அமெரிக்க நீச்சல் வீரர் கேரி ஹால் ஜூனியருக்கு 1999இல் முதல் வகை நீரிழிவு கண்டறியப்பட்டபோது, அவரது நீச்சல் வாழ்க்கை முடிந்துவிட்டது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். ஆன் பீட்டர்ஸ் என்ற நீரிழிவு மருத்துவர் வேறு மாதிரி யோசித்தார். பயிற்சியின்போது அடிக்கடி சர்க்கரையை அளந்து, இன்சுலினையும் உணவையும் அதற்கேற்ப மாற்றும் முறையை அவரோடு சேர்ந்து உருவாக்கினார். அடுத்த ஆண்டே சிட்னி ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் 21.98 விநாடியில் ஆன்டனி எர்வினோடு தங்கத்தைப் பகிர்ந்துகொண்டார் ஹால். 2004 ஏதென்ஸில் 21.93 விநாடியில் மறுபடியும் தங்கம், இம்முறை தனியாக. இன்சுலின் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இருப்பதால், இத்தகைய வீரர்கள் மருத்துவக் காரணம் காட்டி முறையாக விலக்குப் பெற்றே போட்டியிட வேண்டும் என்பதையும் நம் பயிற்சியாளர்கள் அறிந்திருப்பது நல்லது. ஹாலின் கதையை ‘மன உறுதியால் வென்றார்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவதில் எனக்குத் தயக்கம் உண்டு. மன உறுதி உள்ள எத்தனையோ பேர் முதல் மருத்துவர் சொன்னதோடு நின்றுபோயிருப்பார்கள். அவருக்குக் கிடைத்தது இரண்டாவது மருத்துவர்.

‘நீர் விளையாட்டு’ என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுவதும் தவறு. 50 மீட்டர் போன்ற குறுகிய, மூர்க்கமான நீச்சலில் அட்ரினலின் பொங்கிச் சர்க்கரை ஏறவும் செய்யும். ஒரு மணி நேரம் சீராக நீந்தினால் இறங்கும். அலைச்சறுக்கில் அலைமேல் நிற்பது சில விநாடிகள்தான். மற்ற நேரமெல்லாம் கையால் துழாவி அலைக்கு அப்பால் போவதிலும் காத்திருப்பதிலும் கழிகிறது, ஆகவே அது நீண்ட நேரப் பயிற்சியைப் போலவே சர்க்கரையை இறக்கும். பாய்மரப் படகில் பல மணி நேரம் வெயில், இடையிடையே கடும் உழைப்பு. 2017இல் உடற்பயிற்சியும் முதல் வகை நீரிழிவும் குறித்துப் பன்னாட்டு வல்லுநர்கள் வெளியிட்ட ஒருமித்த கருத்து, ஒரு மணி நேரம் வரையிலான சீரான பயிற்சியை 126 முதல் 180க்குள் தொடங்குவதைப் பரிந்துரைக்கிறது. 90க்குக் கீழே இருந்தால் முதலில் 10 முதல் 20 கிராம் குளுக்கோஸ். 270க்கு மேல் காரணமின்றி இருந்தால் கீட்டோன் சோதனை. முந்தைய 24 மணி நேரத்தில் கடுமையாகச் சர்க்கரை இறங்கியிருந்தால் அன்று பயிற்சியே வேண்டாம். குளத்தில் நீந்தும் பிள்ளைக்கு இந்த அளவு போதும், விளிம்பில் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தால். முக்குளிப்பவருக்கு 150 என்ற உயர்ந்த வாசல் வேண்டும். நடுவழியில் நிறுத்தி அளக்க முடியாத இடம் அது.

இதற்கெல்லாம் இப்போது கருவிகள் வந்துவிட்டனவே, மனிதர்களை ஏன் நம்ப வேண்டும் என்று கேட்கலாம். கையில் ஒட்டும் சென்சார் சில நிமிடங்களுக்கு ஒருமுறை சர்க்கரையைச் சொல்கிறது, இறங்கினால் கைபேசியில் மணி அடிக்கிறது. நிலத்தில் அது பெரிய வரம். தண்ணீரில் அதன் எல்லைகள் கடுமையானவை. சென்சாரிலிருந்து கைபேசிக்குச் செய்தி கொண்டுபோகும் புளூடூத் அலைகளைத் தண்ணீர் விழுங்கிவிடும். நீந்துகிறவரின் தோளில் ஒட்டிய சென்சார் கரையில் உள்ள அம்மாவின் கைபேசிக்கு எதையும் சொல்லாது. பரவலாக விற்கும் ஒரு சென்சார் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்பதே அதன் தயாரிப்பாளர் தரும் உறுதி. மேலும், இவை அளப்பது ரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் உள்ள திசுநீரை. சர்க்கரை வேகமாக இறங்கும்போது சென்சார் காட்டும் எண் சில நிமிடங்கள் பின்தங்கியே வரும். இரண்டு வாரம் உழைக்கும் ஒரு சென்சாருக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகிறது என்பதும் நம் குடும்பங்களுக்குச் சிறிய செய்தி இல்லை. இன்சுலின் பம்ப்பைக் கழற்றி வைத்துவிட்டு இறங்குபவர்கள் இன்னொன்றை நினைவில் வைக்க வேண்டும். பம்ப்பில் இருப்பது வேகமாக வேலை செய்யும் இன்சுலின் மட்டுமே. இரண்டு மணி நேரத்துக்கு மேல் அது உடலில் இணைக்கப்படாமல் இருந்தால் கீட்டோன்கள் சேரத் தொடங்கலாம். கருவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இறங்கும்முன் போக்கைக் காட்டவும், இரவில் எச்சரிக்கவும் அதைவிடச் சிறந்த துணை இல்லை. நீரில் இருக்கும் நேரத்துக்குக் கூட இருக்கும் மனிதரே கருவி.

இன்னும் கனமான ஓர் ஆட்சேபம் உண்டு. தன் உயிரைப் பணயம் வைக்க ஒருவருக்கு உரிமை இருக்கலாம், காப்பாற்றப் போகிறவரின் உயிரைப் பணயம் வைக்க உரிமை உண்டா? இது நியாயமான கேள்வி. அதற்கு என் பதில், முன்னரே சொல்லப்பட்டு, சம்மதித்து, கற்றுக்கொண்டு கூட வருபவருக்கும், எதுவுமே தெரியாமல் மாட்டிக்கொள்பவருக்கும் உள்ள வேறுபாட்டில் இருக்கிறது. முதலாமவர் கூட்டாளி, இரண்டாமவர் ஏமாற்றப்பட்டவர். வெளிப்படையாகச் சொல்லும் வழியைத் திறப்பது இரண்டாமவரைத்தான் முதன்மையாகக் காப்பாற்றுகிறது. விஷயம் தெரிந்தபின் ‘என்னால் முடியாது’ என்று ஒருவர் விலகினால் அதையும் மதிக்க வேண்டும். பிறருடைய பாதுகாப்பையே தொழிலாகக் கொண்ட பயிற்றுநர், மீட்பு வீரர் ஆகியோருக்கு விதி இன்னும் கடுமையாக இருப்பதையும் நான் எதிர்க்கவில்லை.

வேறு சிலர், நடக்கலாமே, யோகா செய்யலாமே, எதற்குக் கடலும் குளமும் என்பார்கள். வயதானவருக்கு அது பொருந்தும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு விளையாட்டு என்பது நண்பர்களோடு சேர்ந்து இருப்பது. பள்ளிச் சுற்றுலாவில் எல்லோரும் தண்ணீரில் இறங்க, ஒருத்தி மட்டும் பைகளுக்குக் காவல் இருக்கும்போது அவளுடைய சர்க்கரை கட்டுக்குள் இருக்கலாம். ஆனால் தன் நோயின்மீது அவளுக்கு வெறுப்பு வளர்கிறது. வளரிளம் பருவத்தில் இன்சுலினைத் தவிர்ப்பதும் அளக்க மறுப்பதும் பெரும்பாலும் இத்தகைய வெறுப்பிலிருந்து பிறக்கின்றன. அதோடு, நீச்சல் தெரியாத பிள்ளை தண்ணீரிடமிருந்து பாதுகாக்கப்பட்ட பிள்ளை இல்லை. ஏரியும் கிணறும் வெள்ளமும் உள்ள நாட்டில் நீச்சல் உயிர்காக்கும் கல்வி. நீரிழிவு உள்ள பிள்ளைக்கு அதை மறுப்பது ஆபத்தைக் கூட்டுகிறது.

மேலை நாட்டு விதிகளை அப்படியே தூக்கி இங்கே வைத்துவிட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அந்த விதிகள் பெரும்பாலும் புதிய வகை இன்சுலின்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நம் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைப்பதை நம்பி வாழும் குடும்பங்கள் பல, ரெகுலர், என்பிஎச் என்ற பழைய வகைகளைப் பயன்படுத்துகின்றன. ரெகுலர் இன்சுலின் இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் உச்சம் தொடும்; என்பிஎச் நான்கு மணி நேரத்துக்குப் பிறகு உச்சம் தொடும். காலை ஏழு மணிக்கு இரண்டையும் கலந்து போட்டுக்கொண்ட பிள்ளையை முற்பகல் பத்து மணிக்கு நீச்சல் வகுப்பில் விடுவது, இருப்பதிலேயே மோசமான நேரத்தைத் தேர்ந்தெடுப்பதாகும். அதே பிள்ளை காலை உணவுக்கும் ஊசிக்கும் முன்பு, ஆறு மணிக்கு நீந்தினால் உடலில் இன்சுலின் குறைவாக இருக்கும், சர்க்கரை இறங்கும் வேகமும் குறையும். நம் கரையில் கடற்காற்று எழும் முன் காலையில்தான் அலை சீராக இருக்கும் என்பதால் அலைச்சறுக்கும் முக்குளிப்பும் அப்போதே நடக்கின்றன. அது இவர்களுக்குச் சாதகமாக அமைகிறது. காலை உதைத்து நீந்தப் போகிற நாளில் தொடையில் ஊசி போடாமல் வயிற்றில் போடுவது நல்லது, ஏனென்றால் உழைக்கும் தசைக்கு மேல் போட்ட இன்சுலின் விரைவாக ரத்தத்தில் கலக்கும்.

வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ள இன்சுலினை 30 பாகைக்குக் கீழே வைக்க வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. மே மாதக் கடற்கரையில், மூடிய காரில், அது சில மணி நேரத்தில் வீணாகலாம். ஈரத்துணி சுற்றிய மண்பானை போன்ற எளிய குளிர்ச்சிகூட நல்ல பயன் தரும். இறங்கும் சர்க்கரையை ஏற்ற என்ன கொடுப்பது என்பதிலும் நம்மிடையே தெளிவு இல்லை. கடலை மிட்டாயும் சாக்லேட்டும் கொடுக்கிறார்கள். அவற்றில் உள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் கலப்பதைத் தாமதப்படுத்தும். குளுக்கோஸ் தூளோ, மூன்று தேக்கரண்டி வெள்ளைச் சர்க்கரை கரைத்த தண்ணீரோதான் சரி. 15 கிராம் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். கடலுக்குப் போகிறவர்கள் அதை நனையாத குப்பியில் கொண்டுபோக வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அவருக்குப் போட வேண்டிய குளுக்ககான் ஊசி நம் ஊரில் எளிதில் கிடைப்பதில்லை என்பதால், அந்த நிலை வருவதற்கு முன்பே தண்ணீரை விட்டு ஏறிவிடுவது இங்கே இரட்டிப்பு முக்கியம்.

கரையேறியதும் கடமை முடிந்துவிட்டது என்று எண்ணுவதுதான் மிகப் பொதுவான தவறு. நீந்திய தசைகள் காலி செய்த தங்கள் இருப்பை நிரப்பிக்கொள்ள மணிக்கணக்கில் குளுக்கோஸை இழுத்துக்கொண்டே இருக்கும். மாலையில் நீந்திய பிள்ளைக்கு நள்ளிரவு தாண்டிச் சர்க்கரை இறங்கலாம். முக்குளிப்பு விதிகள் கரையேறிய பின்னும் 12 முதல் 15 மணி நேரம் அளந்துகொண்டே இருக்கச் சொல்வது இதனால்தான். வெளியூர்க் கடற்கரைப் பயணங்களில் விழித்து அளக்க யாரும் இருப்பதில்லை. பெரியவர்கள் மது அருந்தினால் கல்லீரல் குளுக்கோஸ் விடுவதும் தடைபட்டு ஆபத்து பெருகும். எத்தனை அளவு இன்சுலினைக் குறைப்பது, படுக்கும்முன் எவ்வளவு உண்பது என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதை அவரவர் மருத்துவரோடு உட்கார்ந்து முன்னதாகவே எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

மாற்றத்துக்கான அடித்தளம் ஓரளவு போடப்பட்டுவிட்டது. 2017இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் முதல் வகை நீரிழிவு உள்ள மாணவர்கள் தேர்வறைக்குள் சிற்றுணவு கொண்டுசெல்ல அனுமதித்தது. 2023இல் தேசியக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம், பள்ளிகளில் சர்க்கரை அளக்கவும் இன்சுலின் போடவும் இடையில் உண்ணவும் இவர்களை அனுமதிக்க வேண்டும் என்று மாநிலங்களுக்கு எழுதியது. வகுப்பறைக்குக் கிடைத்த இந்த ஏற்பு நீச்சல் குளத்துக்கும் நீள வேண்டும். மாணவர்களோடு அது நிற்கவும் கூடாது. தூத்துக்குடியில் சங்கு குளிப்பவர்களுக்கும் ராமநாதபுரம் கரையில் கடற்பாசி எடுக்கும் பெண்களுக்கும் தண்ணீர்தான் பிழைப்பு. அவர்களில் இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் சில மாத்திரைகளோ எடுப்பவருக்கு இதே ஆபத்து இருக்கிறது, எந்தப் படிவமும் அவர்களை எதுவும் கேட்பதில்லை.

தொடங்க வேண்டிய இடம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் நீச்சல் குளங்கள் என்று கருதுகிறேன். விண்ணப்பத்தில் நீரிழிவு உண்டா என்று கேட்பதோடு நிறுத்தாமல், என்ன இன்சுலின், எத்தனை மணிக்கு, கடந்த ஓர் ஆண்டில் மயங்கும் அளவுக்குச் சர்க்கரை இறங்கியதா, இறங்குவது உடலுக்குத் தெரிகிறதா, அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று கேட்கட்டும். மருத்துவர் கையெழுத்திட்ட ஒரு பக்கத் திட்டம் அதனுடன் இணையட்டும். உயிர்காப்பாளர் பயிற்சியில் சர்க்கரை இறங்குவதன் அடையாளங்களையும் ‘எல்’ சைகையையும் சேர்க்க அரை மணி நேரம் போதும். குளத்தின் விளிம்பில் முதலுதவிப் பெட்டிக்குள் ஒரு குளுக்கோஸ் பொட்டலமும் குளுக்கோமீட்டரும் இருக்கட்டும். தனியார் ஸ்கூபா மையங்களுக்கும் அலைச்சறுக்குப் பள்ளிகளுக்கும் உரிமம் புதுப்பிக்கும்போது இதையே நிபந்தனையாக்கலாம். புதிய சட்டமோ பெரிய நிதியோ இதற்குத் தேவையில்லை. ஏப்ரலில் தொடங்கும் கோடைக்கால நீச்சல் முகாம்களுக்கான விண்ணப்பப் படிவம் அச்சுக்குப் போவதற்குள் ஒரு சுற்றறிக்கையால் செய்து முடிக்கக்கூடிய வேலை இது.